ஒளிக்கு ஓரவஞ்சனை உண்டா?

நீதிபதி தவறலாம், சாட்சி பிறழலாம், புலவன் மிகைப்படுத்தலாம், பூசாரி புளுகலாம். ஆனால் கேமரா மட்டும் பொய் சொல்லாது! — இது நம் காலத்து வேதவாக்கு. வேதவாக்குகளை வினவிப் பார்த்தே பழகியவர்கள் நாம். ஆகவே இந்த வாக்கையும் சற்று வினவிப் பார்ப்போம்.

ஒளிக்குச் சாதி இல்லை, சமயம் இல்லை, நிறவெறி இல்லை. மாளிகையின் மாடத்திலும் குடிசையின் கூரையிலும் ஒரே கதிரவன்தான் காய்கிறான். அந்த ஒளியைப் பிடித்து வைக்கும் கருவிக்கும் உற்றாரில்லை, உறவினரில்லை. இரும்பும் கண்ணாடியும் இரசாயனமும் சேர்ந்த பெட்டி அது. பெட்டிக்கு ஏது ஓரவஞ்சனை என்று கேட்பது நியாயமாகத்தான் தோன்றும். ஆயினும், கறுப்பு வெள்ளையிலிருந்து வண்ணத்துக்கு நிழற்படக் கலை மாறிய வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், அந்தப் பெட்டி சில முகங்களை முழுநிலவாய்க் காட்டிற்று, சில முகங்களை அமாவாசை ஆக்கிற்று என்ற உண்மை தெரிகிறது.

யாரும் சதி செய்யாமலே அநீதி நடக்க இயலுமா? யாரும் வெறுக்காமலே ஒரு மக்கள் கூட்டம் ஒதுக்கப்பட இயலுமா? அப்படி நடந்தால் அதற்குப் பொறுப்பாளி யார்? இவையே நாம் இங்கே எடுத்துக்கொள்ளும் வினாக்கள்.

முதலிலே கறுப்பு வெள்ளையைப் பார்ப்போம். அது உலகை உள்ளது உள்ளபடி காட்டிற்றா? இல்லை. தொடக்க காலத்துப் பிலிமுக்குச் சிவப்பு நிறமே தெரியாது. நீலவானம் வெளுத்துப் போகும். செவ்விதழ் கறுத்துப் போகும். ஊமைப்பட நாட்களிலே நடிகர்கள் முகத்துக்கேற்ற பூச்சைப் பூசவில்லை. பிலிமுக்கேற்ற பூச்சைப் பூசினர்! எல்லா நிறங்களையும் உணரும் பிலிம் 1920களிலே பரவிய பின்னரே அந்தத் தொல்லை குறைந்தது. எனினும், கறுப்பு வெள்ளையிடம் ஒரு நேர்மை இருந்தது. தன் குறையை அது மறைக்கவில்லை. புல் சாம்பல் நிறமாய்த் தெரிந்தால், புல்லே சாம்பல் என்று எவனும் நம்பியதில்லை. இது உலகமன்று, உலகத்தின் மொழிபெயர்ப்பு என்பது பார்ப்பவனுக்கு எப்போதும் நினைவிலிருந்தது.

வண்ணம் வந்தது, அந்த நினைவை அழித்தது. இதோ உலகம், உள்ளபடியே, உயிர்த்துடிப்போடு என்று அது மார்தட்டிற்று. மார்தட்டியவனைத்தான் நாம் முதலிலே சோதிக்க வேண்டும்.

சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளைக் கலந்தே வண்ணப்படம் காட்டலாம் என்பதை ஸ்காட்லாந்து அறிஞர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1861ஆம் ஆண்டிலேயே லண்டன் மாநகரிலே செய்து காட்டினார். அந்த விதை மரமாக எழுபதாண்டுகளுக்கு மேல் பிடித்தன. 1932இல் டெக்னிகலர் முறையில் மூவண்ணக் கேலிச்சித்திரப் படம் ஒன்று வந்தது. 1935இல் அதே முறையிலே முழுநீளக் கதைப்படம் வந்தது. அதே 1935இல், லியோபோல்ட் மேன்ஸ், லியோபோல்ட் காடோவ்ஸ்கி என்ற இரண்டு இசைக் கலைஞர்கள் கண்டுபிடித்த கோடாக்ரோம் பிலிமைக் கோடாக் நிறுவனம் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தது. 1950இல் ஒற்றைச் சுருளிலேயே மூன்று வண்ணங்களையும் பதிவு செய்யும் ஈஸ்ட்மன்கலர் வந்தது. அதன் பிறகு வண்ணம் செல்வச் சீமானின் விருந்தாக இல்லை; எல்லோர் வீட்டு உணவாயிற்று. 1953 டிசம்பரில் அமெரிக்கா வண்ணத் தொலைக்காட்சிக்கு ஒரு பொதுத் தரத்தை வகுத்தது. 1967இல் பிரிட்டனிலே வண்ண ஒளிபரப்பு தொடங்கியது. இந்தியாவுக்கு அது வந்து சேர்ந்தது 1982இல்.

இத்தனையும் மனித அறிவின் வெற்றி. அதிலே நமக்கு ஐயமில்லை. அந்த வெற்றியின் உள்ளே ஒளிந்திருந்த ஒரு தேர்வைத்தான் நாம் வெளியே இழுத்துப் பார்க்க விரும்புகிறோம்.

வண்ணப் பிலிம் என்பது ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசப்பட்ட படலங்கள். ஒன்று நீல ஒளியை உணரும், ஒன்று பச்சையை, ஒன்று சிவப்பை. கழுவும்போது ஒவ்வொரு படலத்திலும் ஒரு சாயம் பிறக்கும். எந்தப் படலத்துக்கு எவ்வளவு கூர்மை, எந்தச் சாயத்துக்கு எவ்வளவு அழுத்தம் என்பதை ஒளி தீர்மானிப்பதில்லை. வானத்திலிருந்து யாரும் வந்து தீர்மானிப்பதில்லை. ஆய்வுக்கூடத்திலே அமர்ந்திருக்கும் மனிதன் தீர்மானிக்கிறான். பார்த்துப் பார்த்து, மாற்றி மாற்றி, 'ஆம், இதுதான் சரி' என்று ஓரிடத்தில் நிறுத்துகிறான். அவன் எதைப் பார்த்து 'சரி' என்றான்? அங்கேதான் இருக்கிறது முடிச்சு.

அந்த முடிச்சுக்கு ஒரு பெயர் உண்டு: ஷெர்லி. 1954ஆம் ஆண்டுக்கு முன்பு, அமெரிக்காவிலே கோடாக் வண்ணப் பிலிமை வாங்குபவன், அதைக் கழுவிப் படமாக்கும் கட்டணத்தையும் சேர்த்தே கொடுத்தான். எடுத்த சுருள் கோடாக்கின் கூடத்துக்கே திரும்பிச் சென்றது. இது ஏகபோகம் என்று அரசு வழக்காடியது. 1954இல் ஏற்பட்ட உடன்பாட்டின் பின், பிலிம் வேறு, கழுவும் தொழில் வேறு என்றாயிற்று. ஊர்தோறும் தனியார் கூடங்கள் தோன்றின. அந்தக் கூடங்களுக்குக் கோடாக் அச்சுப்பொறிகளை அனுப்பியது. வண்ணத்தைச் சரிபார்க்க ஒரு மாதிரி அட்டையும் அனுப்பியது. அட்டையிலே வெள்ளைத்தோல் பெண் ஒருத்தியின் படம். முதன்முதலில் படத்துக்கு நின்ற பெண்ணின் பெயர் ஷெர்லி. பின்னர் எத்தனை பெண்கள் மாறினாலும் அட்டையின் பெயர் ஷெர்லி என்றே நிலைத்தது. அட்டைகள் பலவற்றிலே ஒரு சொல்லும் பொறித்திருந்தது: 'நார்மல்'. அதாவது, இயல்பானது!

கூடத்துத் தொழிலாளி என்ன செய்வான்? தான் அச்சிட்ட படத்தையும் அந்த அட்டையையும் அருகருகே வைத்துப் பார்ப்பான். ஷெர்லியின் கன்னம் அட்டையில் உள்ளதுபோல் வந்துவிட்டதா? வந்துவிட்டால் எல்லாம் சரி. உலகத்தின் வண்ணமெல்லாம் சரி. தொலைக்காட்சியிலும் இதே கதைதான். பி.பி.சி. நிறுவனம் 1967இல் வெளியிட்ட வண்ணச் சோதனை அட்டையின் நடுவிலே இருந்ததும் ஒரு வெள்ளைச் சிறுமியின் முகமே. அந்த முகம் சரியானால் பெட்டி சரி.

சரி, அந்த முகத்தைப்போல் இல்லாத முகங்கள் என்னவாயின?

ஒரு வகுப்பறைக் குழுப்படத்தை எண்ணிப் பாருங்கள். வெள்ளைக் குழந்தையும் கறுப்புக் குழந்தையும் தோளோடு தோள் நின்று சிரிக்கிறார்கள். படம் அச்சாகி வருகிறது. வெள்ளைக் குழந்தையின் கன்னத்துச் செம்மை தெரிகிறது. கறுப்புக் குழந்தையின் முகத்திலே கண்ணும் பல்லும் மட்டும் தெரிகின்றன! மூக்கின் வளைவில்லை, கன்னத்தின் குழிவில்லை, முகக்குறிப்பில்லை. கறுப்பினக் குழந்தைகளின் பெற்றோர் இதுபோன்ற பள்ளிப் படங்களைக் குறித்து முறையிட்டதைக் கனடாவின் ஆய்வாளர் லோர்னா ராத் 2009இல் வெளியிட்ட ஆய்விலே குறித்திருக்கிறார். பெற்ற வயிறு எரியாதா? பள்ளியை நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றாக்கியது. படம் மறுபடியும் பிரித்து வைத்தது.

'நிறுத்துங்கள்!' என்று ஒரு நண்பர் குறுக்கிடுவார். 'இது இயற்பியல். கரிய பொருள் குறைந்த ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. வெளிறிய பொருள் மிகுந்த ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. பிலிமின் கொள்திறன் சிறியது. இரண்டையும் ஒருசேரக் கொள்ள முடியவில்லை. இயற்கையின் விதிக்கு இனவெறிப் பட்டம் கட்டுவதா பகுத்தறிவு?'

நண்பர் சொல்வதிலே பாதி உண்மை இருக்கிறது. பாதி உண்மையை முழுப் பொய்யென்று தள்ளுவது நம் வழக்கமன்று. ஆகவே அதை ஏற்போம். அன்றைய பிலிமின் கொள்திறன் சிறியதுதான். ஆனால் சிறிய பாத்திரத்திலே எதை முதலில் ஊற்றுவது என்று முடிவு செய்தது யார்? பத்து அடித் துணிதான் இருக்கிறது என்பது இயற்கையின் விதி. அந்தப் பத்து அடியிலும் மூத்தவனுக்கே சட்டை தைத்துவிட்டு இளையவனை வெற்றுடம்போடு நிறுத்துவதும் இயற்கையின் விதியா?

இதற்கு வாதம் வேண்டாம். வரலாறே சான்று தருகிறது. பழுப்பு நிறங்களின் நுணுக்கத்தைக் காட்டும் ஆற்றல் பிலிமுக்குப் பின்னாளிலே வந்தது. யாருடைய கண்ணீரைக் கண்டு வந்தது? தாய்மாரின் கண்ணீரைக் கண்டா? இல்லை! கோடாக்கின் முன்னாள் அலுவலர்கள் ராத்திடம் சொன்ன செய்தி வேறு. சாக்லெட் செய்யும் முதலாளிகள் முறையிட்டனராம்: பால் கலந்த சாக்லெட்டுக்கும் கறுஞ்சாக்லெட்டுக்கும் படத்திலே வேறுபாடு தெரியவில்லை என்று. மரச்சாமான் முதலாளிகள் முறையிட்டனராம்: கருங்காலி மேசைக்கும் வெளிர்மர மேசைக்கும் உள்ள நயம் தெரியவில்லை என்று. உடனே ஆய்வுக்கூடம் விழித்தது, சாயங்கள் திருந்தின, பிலிம் திருந்தியது.

சிந்தியுங்கள், தோழர்களே! முடியாது என்று சொல்லப்பட்ட ஒன்று முடிந்தது. இயற்கை விதி என்று சொல்லப்பட்டது, கேட்பவன் வணிகன் என்றதும் வளைந்து கொடுத்தது. மேசை பெற்ற மதிப்பை மனிதன் பெறவில்லை. மிட்டாய்க்குக் கிடைத்த நீதி மழலைக்குக் கிடைக்கவில்லை! 'முடியவில்லை' என்பதற்கும் 'முயலவில்லை' என்பதற்கும் இடையே உள்ள தூரம்தான் அநீதியின் நீளம்.

அப்படியானால் அந்த ஆய்வுக்கூடத்து மனிதர்கள் கொடியவர்களா? கறுப்பர் முகத்தை அழிக்க வேண்டுமென்று கூடிப் பேசித் திட்டமிட்டார்களா? அதற்குச் சான்றில்லை; சான்றில்லாத குற்றச்சாட்டை நாம் சுமத்தமாட்டோம். அவர்களிலே நல்லவர்கள் இருந்திருப்பார்கள்; தம் வேலையைக் கண்ணும் கருத்துமாகச் செய்தவர்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் செய்தது ஒன்றே: தம்மைச் சுற்றிப் பார்த்தார்கள், தம்மைப்போன்ற முகங்களைக் கண்டார்கள், மனிதன் என்றால் இதுதான் என்று முடிவு கட்டினார்கள். வாங்குபவன் யாரென்று பார்த்தார்கள், பணம் படைத்தவன் வெள்ளையன் என்று கண்டார்கள், கணக்கை முடித்துக்கொண்டார்கள்.

இதுவே நாம் அஞ்ச வேண்டிய அநீதி. கத்தியோடு வருபவனை அடையாளம் காணலாம்; தடுக்கலாம். அளவுகோலோடு வருபவனை எப்படித் தடுப்பது? அவன் நம்மைத் திட்டுவதில்லை. 'நீ அளவுக்குள் வரவில்லை' என்று அமைதியாகச் சொல்கிறான். குறை அளவுகோலிலே இருக்கிறது. குற்றவாளிக் கூண்டிலே நிற்பதோ அளக்கப்பட்டவன். படம் இருண்டு வந்தால் 'பிலிம் சரியில்லை' என்று எவனும் சொல்லவில்லை. 'இவன் நிறம் அப்படி' என்றார்கள். அமெரிக்கக் குழந்தைகள் தீட்டும் கிரயோலா வண்ணக்கோல் பெட்டியிலே வெளிறிய செம்மை நிறக் கோலொன்றின் பெயர் 'சதை' என்றிருந்தது. எவருடைய சதை? அந்த வினா எழுந்து, 1962இல் அந்தப் பெயரை 'பீச்' என்ற கனியின் பெயராக மாற்றினார்கள். ஒரு சிறு கோலின் பெயர்தான். ஆனால் அந்தப் பெட்டியைத் திறந்த கறுப்புக் குழந்தைக்கு அது சொன்ன பாடம் சிறியதா?

ஆகவே, 'வெறுப்பில்லை, எனவே பொறுப்பில்லை' என்ற வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை. எண்ணம் தூய்மையாக இருந்தால் தண்டனை குறையலாம், கடமை குறையாது. தெரியாமல் செய்தவன், தெரிந்த அன்றே திருத்தக் கடமைப்பட்டவன். தெரிந்த பின்னும் தயங்குபவன், தெரிந்தே செய்தவனின் வரிசையிலே போய் நிற்கிறான்.

இதைக் கேட்டதும், 'அப்படியானால் அந்தக் கருவியே வேண்டாம்' என்று சிலர் சொல்லக்கூடும். அதுவும் ஆராயத்தக்கதே. 1975இல் விடுதலை பெற்ற மொசாம்பிக் நாட்டின் அரசு, தன் தொலைக்காட்சியை எப்படி அமைக்கலாம் என்று ஆராயப் பிரெஞ்சு இயக்குநர் ஜான் லூக் கோதாரை 1970களின் இறுதியிலே அழைத்தது. கறுப்பு மக்களின் மண்ணிலே கோடாக் பிலிமைப் பயன்படுத்த மறுத்தார், அது இனவெறி கொண்ட பிலிம் என்றார் என அவரைப் பற்றிய பதிவுகள் கூறுகின்றன. அந்த மறுப்பிலே மானம் இருக்கிறது, அதை மதிக்கிறோம். ஆனால் மறுப்பு மட்டும் மருந்தாகிவிடாது.

ஏனெனில், அதே கருவியைத் தம் கைக்கு வசப்படுத்தியவர்களும் உண்டு. அடிமையாகப் பிறந்து, தப்பி, அடிமை ஒழிப்பின் முழக்கமாய் விளங்கிய பிரெடரிக் டக்ளஸ், 19ஆம் நூற்றாண்டின் அமெரிக்கரிலே மிகுதியாக நிழற்படம் எடுக்கப்பட்டவர் எனப்படுகிறார். அவருடைய படங்கள் ஏறத்தாழ 160 கிடைத்துள்ளன. விருப்பத்துக்காகவா அத்தனை படங்கள்? கறுப்பனைக் கோமாளியாகத் தீட்டிய கேலிப்படங்களுக்கு எதிராகத் தம் முகத்தையே சாட்சியாக நிறுத்தினார் அவர். 1900இல் பாரிசு பொருட்காட்சியிலே, டூ பாய்ஸ் என்ற பேரறிஞர் 363 நிழற்படங்களைத் தொகுத்து, இதோ எங்கள் மக்கள், கற்றவர்கள், உழைப்பவர்கள், தலைநிமிர்ந்தவர்கள் என்று உலகுக்குக் காட்டினார். அவை கறுப்பு வெள்ளைப் படங்கள்.

வண்ணத்திலே அந்தப் பணியைச் செய்தவர் கார்டன் பார்க்ஸ். 'லைப்' இதழின் முதல் கறுப்பினப் புகைப்படக் கலைஞர் அவர். 1956இல் அலபாமா மாநிலத்துக்குச் சென்று, நிறப் பாகுபாட்டின் நிழலிலே வாழும் ஒரு குடும்பத்தின் அன்றாட வாழ்வைப் படமெடுத்தார். அந்த ஆண்டு செப்டம்பரில் படங்கள் 'லைப்' இதழிலே வந்தன. கறுப்பு வெள்ளையிலே பார்த்த கொடுமை எப்போதோ நடந்த கதைபோல் தோன்றும். பார்க்ஸின் வண்ணத்திலே அது இன்று காலை நடந்ததுபோல் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை உடையின் தூய வெண்மை, வெயிலின் மஞ்சள், அவற்றுக்கு மேலே கடை வாசலிலே கறுப்பருக்குத் தனி வழி காட்டும் ஒளிரும் பலகை! எந்தப் பிலிம் கறுப்பர் முகத்தை மறக்கும்படி அளக்கப்பட்டதோ அந்தக் காலத்துப் பிலிமிலேயே, அவர்களின் கண்ணியத்தை அவர் கண்ணெதிரே நிறுத்தினார். ஒளியைத் தேர்ந்தார், நேரத்தைத் தேர்ந்தார், கருவியின் குறையைக் கலையின் திறத்தால் வென்றார். அதற்குரிய விலையைப் படத்திலே இருந்தவர்கள் கொடுத்தார்கள். தன் கருத்தைத் துணிந்து சொன்ன ஓர் ஆசிரியை வேலையை இழந்தார். அவருடைய குடும்பம் ஊரை விட்டே வெளியேற நேர்ந்தது. காணப்படாமல் இருப்பது இழிவு, காணப்படுவது ஆபத்து! இரண்டுக்கும் இடையே நசுங்கியது அந்த மக்களின் வாழ்வு.

காணப்படுவதிலும் இரண்டு வகை உண்டென்பதை மறவாதீர்கள். மதிப்பதற்காகக் காண்பது ஒன்று. மடக்குவதற்காகக் காண்பது மற்றொன்று. தென்னாப்பிரிக்காவிலே கறுப்பினத்தார் ஒவ்வொருவரும் தம் நிழற்படம் ஒட்டிய நடமாட்டப் புத்தகத்தைச் சுமந்து திரிய வேண்டுமென்றது நிறவெறி அரசு. அந்தச் சட்டத்தை எதிர்த்து 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில் நகரிலே திரண்டவர்கள்மீது போலீசார் சுட்டனர். 69 பேர் மாண்டனர். பத்தாண்டுகள் கழித்து, 1970இல், அமெரிக்காவின் போலராய்ட் நிறுவனத்திலே வேலை பார்த்த கரோலின் ஹண்டர் என்ற வேதியியலாளரும் கென் வில்லியம்ஸ் என்ற புகைப்படக் கலைஞரும், தென்னாப்பிரிக்கச் சுரங்கத் துறைக்கென்று தயாரான மாதிரி அடையாள அட்டை ஒன்றைத் தம் அலுவலகத்திலேயே கண்டனர். நொடிகளிலே படம் தரும் தம் நிறுவனத்தின் விந்தைக் கருவி, கறுப்பரைக் கட்டும் சங்கிலிக்குக் கண்ணியாகிறது என்று உணர்ந்தனர். வாயை மூடிக்கொண்டிருந்தால் சம்பளம் வந்திருக்கும். வாயைத் திறந்தனர், இயக்கம் கண்டனர். 1971இல் ஹண்டர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். ஆயினும் இயக்கம் ஓயவில்லை. 1977இல் போலராய்ட் நிறுவனம் தென்னாப்பிரிக்காவைவிட்டே விலகிற்று.

மழலையின் சிரிப்பைப் பதிய இயலாத தொழில், அடிமைச் சீட்டுக்குரிய முகத்தைப் பதியத் தயங்கவில்லை. இந்த முரணை மனத்திலே பதித்துக்கொள்ளுங்கள். கருவியிலே எதைக் காட்டும் என்பதோடு, யாருக்காகக் காட்டும், எதற்காகக் காட்டும் என்பதும் கேள்விக்குரியதே.

இவையெல்லாம் பழங்கதைகள், கோடாக்கே 1990களிலே பல நிறத்துப் பெண்களைக் கொண்ட புதிய அட்டையை வெளியிட்டது, இப்போது பிலிம் ஏது, கழுவும் கூடம் ஏது என்று கேட்கலாம். பிலிம் போயிற்று; ஷெர்லி போகவில்லை! இன்றைய கணினி முகத்தை அடையாளம் காணப் பழகுவது, மனிதன் அதற்கு ஊட்டும் ஆயிரமாயிரம் படங்களைக் கொண்டு. ஊட்டிய படங்களிலே யார் மிகுதியோ, அவர்களே அதன் ஷெர்லி. முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று கூறும் மூன்று நிறுவனங்களின் கணினி முறைகளை ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரு பெண் ஆய்வாளர்கள் 2018இல் சோதித்தனர். வெளிர்நிற ஆண்களிடத்திலே தவறு 0.8 விழுக்காட்டுக்கு மேல் போகவில்லை. கருநிறப் பெண்களிடத்திலே தவறு 34.7 விழுக்காடு வரை சென்றது. 2020 சனவரியிலே டெட்ராய்ட் நகருக்கு அருகே வாழ்ந்த கறுப்பினத்தவர் ஒருவர், கணினி முகத்தை மாற்றிக் காட்டியதால், செய்யாத திருட்டுக்காகத் தம் குடும்பத்தாரின் கண்ணெதிரே கைது செய்யப்பட்டார்.

உயிரைக் காக்கும் கருவியிலும் இதே கறை. விரலிலே மாட்டி, தோலின் வழியே ஒளியைச் செலுத்தி, குருதியிலே உயிர்வளி எவ்வளவு என்று காட்டும் சிறு கருவியைக் கொரோனா நாட்களிலே வீடுதோறும் கண்டோம். 2020இல் அமெரிக்காவிலே வெளியான ஓர் ஆய்வு, கருவி 'போதுமான அளவு' என்று காட்டியபோதே, உண்மையில் உயிர்வளி ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்த நிலை, வெள்ளையரிடம் 3.6 விழுக்காடும் கறுப்பினத்தாரிடம் 11.7 விழுக்காடும் இருந்ததைக் காட்டிற்று. அங்கே இருண்டுபோனது படம். இங்கே இருண்டு போவது உயிர்!

இங்கேயும் ஒரு நல்ல செய்தி உண்டு. அதை மறைப்பது முறையன்று. 2018ஆம் ஆண்டு ஆய்வு வெளியானபின், சோதிக்கப்பட்ட நிறுவனங்கள் தம் முறைகளைத் திருத்தின; மறுசோதனையிலே தவறுகள் வெகுவாகக் குறைந்திருந்தன. சாக்லெட் வணிகன் கேட்டதும் பிலிம் திருந்தியதுபோல், இரு பெண்கள் எண்களோடு எழுந்து நின்று கேட்டதும் கணினி திருந்திற்று. கேட்டால் மாறும், கேட்பவர் யார் என்பதுதான் கேள்வி.

கடல் கடந்து பார்த்த கண்ணை, இறுதியாக, நம் பக்கமும் திருப்புவோம். 1956இல் சேலம் மாடர்ன் தியேட்டர்சார் தயாரித்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாக வந்தது. அதற்கான கேவாகலர் பிலிம் கடல் கடந்து வந்தது. ஆனால் பிலிம்மீது பழியைப் போட்டுவிட்டு நாம் தப்பிவிட முடியுமா? வெயிலிலே விளைந்த கருமேனியரே மிகுந்த நாட்டிலே, வெள்ளை மாவு பூசிய முகமே நாயகியின் முகம் என்றானது யாருடைய கட்டளையால்? 1975இல் 'பேர் அண்டு லவ்லி' என்று வெளுப்பையும் அழகையும் ஒன்றாக்கிப் பெயர் சூட்டி வந்த முகப்பூச்சு, 2020இல்தான் அந்த 'வெளுப்பு' என்ற சொல்லைப் பெயரிலிருந்து விலக்கிற்று. நாற்பத்தைந்து ஆண்டுகள்! அமெரிக்காவிலே ஷெர்லி அட்டை கூடத்தின் சுவரிலே தொங்கிற்று. இங்கே அது மணப்பெண் தேடும் மாமியாரின் கண்ணிலே தொங்குகிறது. பிறந்த குழந்தையைப் பார்த்ததும் 'நிறம் கொஞ்சம் மட்டு' என்று பெருமூச்சு விடும் பாட்டியின் நாவிலே தொங்குகிறது. கருவியைத் திருத்த அறிஞர்கள் போதும். கண்ணைத் திருத்த நாமெல்லோரும் வேண்டும்.

ஒளிக்கு ஓரவஞ்சனை உண்டா என்று கேட்டுத் தொடங்கினோம். ஒளிக்கு இல்லை, ஒளியைப் பிடிக்கும் பெட்டியை அளந்தவனின் பார்வைக்கு உண்டு. விஞ்ஞானத்தின்மீது கொண்ட பற்றை இது குறைக்க வேண்டுமா? இல்லை, கூட்ட வேண்டும். குறையைக் கண்டதும் விஞ்ஞானம், எண்ணிக் காட்டியதும் விஞ்ஞானம், திருத்தியதும் விஞ்ஞானம். மந்திரக் கண்ணாடியை உடைத்தவர்கள், இயந்திரக் கண்ணாடிக்குச் சூடம் காட்டத் தொடங்கிவிடக் கூடாது என்பதே நம் எச்சரிக்கை.

ஆகவே இளைஞர்களே! கருவியை வணங்காதீர்கள், கருவியை வெறுக்காதீர்கள், கருவியைக் கேளுங்கள். கேமராவாயினும் கணினியாயினும், தேர்வுத்தாளாயினும் சட்டப் புத்தகமாயினும், 'இதுதான் இயல்பு' என்று எதை உங்கள் முன்னே நீட்டினாலும், யாரை நிறுத்தி வைத்து இதை அளந்தீர்கள் என்று கேளுங்கள். அளந்தபோது யார் அந்த அறையிலே இல்லை என்று கேளுங்கள். விடை வரும்வரை கேளுங்கள். ஏனெனில், குழுப்படத்தின் ஓரத்திலே கண்ணும் பல்லும் மட்டுமாய் நிற்கும் அந்தக் குழந்தை, தானாகக் கேட்க முடியாது.